தீப்பெட்டியை ஒளித்து வைத்தால் போதுமா?

(எங்கள் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் மனநலப் பிரிவினர் ஆற்றிய உரை. வர இயலாமற்போன அன்பர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)



  சென்ற கூடுகையில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினோம். அன்று எல்லாரும் தாராளமாகக் கேள்வி கேட்டீர்கள். இந்த முறை, யாரும் வாய் திறந்து கேட்கத் தயங்குகிற ஒரு காரியத்தை எடுத்திருக்கிறோம். காரணம் ஏதும் இல்லாமல், தீ வைக்க வேண்டும் என்று ஒருவருக்கு உள்ளே திரும்பத் திரும்ப எழும்புகிற உந்துதலைப் பற்றியது அது. மருத்துவர்கள் இதைப் பைரோமேனியா என்கிறார்கள். கிரேக்க மொழியில் பைர் என்றால் தீ, மேனியா என்றால் வெறி.

இந்தப் பொருளை எடுக்கும்படி எங்களைத் தூண்டியவர் ஒரு வாலிபர். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்லுகிறோம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

ஒரு நாள் காலை, காயத்துக்குக் கட்டுப் போடும் அறைக்கு அவர் வந்தார். 23 வயது. வலது கையில் இரண்டு விரல்களில் தீக்காயம். பால் காய்ச்சும்போது சுட்டுவிட்டது என்றார். கட்டுப் போட்ட சிஸ்டர் அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஏழு மாதத்தில் இது மூன்றாவது காயம். சிஸ்டர் சத்தம் போடாமல் கேட்டார்: "தம்பி, நீங்க அடுப்புப் பக்கமே போறதில்லன்னு போன தடவை உங்க அம்மா சொன்னாங்களே. வேற ஏதாவது இருக்கா?"

வெகு நேரம் பதில் இல்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "சிஸ்டர், நானேதான் தீ வைக்கிறேன். எதுக்குன்னு எனக்கே தெரியல."

முதலில் குப்பைமேட்டில் காகிதத்தைக் கொளுத்தினாராம். பிறகு ஓடைக்கரையில் காய்ந்த பனையோலை. பிறகு ஒரு பழைய டயர். கடைசியாக ஒரு வைக்கோல் போரின் ஓரம். தீ ஏறுகிற வேகத்தைக் கண்டு பயந்து, தாமே கையால் தட்டி அணைத்ததில்தான் விரல்கள் வெந்தன. வைப்பதற்கு முன்னால் நெஞ்சு படபடக்குமாம். வைத்து எரியும்போது பாரம் இறங்கினாற்போல் இருக்குமாம். அரை மணி நேரம் கழித்து, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுமாம்.

இதைக் கேட்ட நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரை உட்காரவைத்துப் புத்தி சொன்னோம். படித்த பிள்ளை இப்படிச் செய்யலாமா, போலீசுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், நன்றாக ஜெபம் பண்ணு, மனதை அடக்கு என்றோம். தைரியமாக வாய் திறந்தவரிடம் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுபடி வரச் சொல்லித் தேதி கொடுக்கவும் இல்லை. நான்கு மாதம் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையின் கூரை பிடித்துக்கொண்டது. உள்ளே கட்டியிருந்த கன்றின் கயிற்றை அறுத்துவிட ஓடியவரும் அவரேதான். உயிர்ச்சேதம் இல்லை. அன்று இரவே அவருடைய தாயார் அவரைக் கையைப் பிடித்து இங்கே அழைத்து வந்தார்கள்.

எங்கள் தவறிலிருந்து நாங்கள் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம்.

எது இந்த நோய், எது இல்லை

தீ வைக்கிற எல்லாரையும் பைரோமேனியா என்று சொல்லிவிட முடியாது. பகையினால் படப்புக்குத் தீ வைக்கிறவர் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தன் கடையையே கொளுத்துகிறவர் இருக்கிறார். திருட்டை மறைக்க வைக்கிறவரும், கலவரத்தில் பஸ்சைக் கொளுத்துகிறவரும், குடிபோதையில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வைக்கிறவரும் உண்டு. இவை எல்லாவற்றிலும் தீ வேறொரு காரியத்துக்குக் கருவி. பைரோமேனியாவில் அப்படி ஒரு வெளிக் காரணம் இருப்பதில்லை. தீதான் அந்த மனதை இழுக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு இதற்குச் சில அடையாளங்களைச் சொல்லுகிறது. வேண்டுமென்றே ஒன்றுக்கு மேற்பட்ட முறை தீ வைத்திருக்க வேண்டும். வைப்பதற்கு முன் மனதில் இறுக்கமோ கிளர்ச்சியோ இருக்க வேண்டும். தீயின் மேலும் தீ சம்பந்தப்பட்டவற்றின் மேலும் ஓர் ஈர்ப்பு இருக்க வேண்டும். வைக்கும்போதோ பார்க்கும்போதோ இன்பமோ நிம்மதியோ உண்டாக வேண்டும். பணம், பகை, அரசியல், குற்றத்தை மறைத்தல், காதில் கேட்கும் குரல், போதை ஆகியவை காரணமாக இருக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில் ஒன்றாக இது இடம்பெற்றிருக்கிறது.

இத்தனை அடையாளங்களும் ஒருங்கே பொருந்துகிறவர்கள் மிகவும் குறைவு. பின்லாந்து நாட்டில், 1973 முதல் 1993 வரை திரும்பத் திரும்பத் தீ வைத்து மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட 90 ஆண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 2005-இல் வெளியிட்டார்கள். 12 பேருக்கு மற்ற அடையாளங்கள் பொருந்தின. அந்த 12 பேரிலும் 9 பேர் தீ வைத்த நேரத்தில் குடித்திருந்தார்கள். அவர்களைக் கழித்தால் மிஞ்சியவர்கள் 3 பேர். ஆகவே, ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் உடனே ஒருவரைக் காட்டி "அவனுக்கு அந்த வெறி" என்று சொல்லுவது சரியல்ல.

இன்னொரு பழைய சம்பவம். 1829 பிப்ரவரியில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் மாலை ஆராதனை முடிந்தபின் ஜோனதன் மார்ட்டின் என்பவர் உள்ளே ஒளிந்திருந்து பாடகர் பகுதிக்குத் தீ வைத்தார். கனவில் தமக்குக் கட்டளை கிடைத்ததாக அவர் நம்பினார். நீதிமன்றம் அவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று தீர்த்தது. லண்டன் பெத்லெம் மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டு, 1838-இல் அங்கேயே இறந்தார். பார்க்கிறவர்களுக்கு இதுவும் தீவெறிபோலத்தான் தோன்றும். ஆனால் அவரை நடத்தியது தீயின் மேலுள்ள இழுப்பு அல்ல, மாறாத ஒரு தவறான நம்பிக்கை. அப்படிப்பட்டவருக்கு வேறு சிகிச்சை வேண்டும். காரணத்தைக் கேட்டு அறியாமல் மருந்து கொடுக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

நம் கிராமங்களிலும் சில வேளை ஒரே வீட்டில் துணிமணிகளும் கூரையும் அடிக்கடி தீப்பிடிக்கும். பேய் வேலை, ஏவல், செய்வினை என்று மந்திரவாதியைத் தேடுவார்கள். அதற்கு முன் அந்த வீட்டில் யாராவது, விசேஷமாக ஓர் இளம் பிள்ளை, வெளியே சொல்ல முடியாத துன்பத்தில் இருக்கிறதா என்று அன்போடு விசாரித்துப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

2007-இல் அமெரிக்காவில் கிராண்ட், கிம் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த நோய் உள்ள 21 பேரை விரிவாக விசாரித்து எழுதினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். சராசரியாகப் பதினெட்டு வயதளவில் இது தொடங்கியிருந்தது. மன அழுத்தம், வெறுமை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஆகியவை உந்துதலைக் கிளப்பிவிட்டன. பலர் குப்பைத்தொட்டியிலோ வெற்று நிலத்திலோ சிறு தீ மூட்டுகிறவர்கள். போலீஸ் கண்ணில் படாதவர்கள். பெரும்பாலோர் பின்பு கடுமையான மனவேதனை அடைந்தார்கள். மனச்சோர்வு நோயும் பலருக்குக் கூடவே இருந்தது. எங்கள் வாலிபர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

இது பாவமா, வியாதியா என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். பிறர் உடைமையைக் கொளுத்தினால் அது குற்றம். சட்டத்துக்கு அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். உந்துதல் எழும்புவது மட்டும் குற்றமாகாது. எழும்பும்போதே யாரிடமாவது சொல்ல ஒரு வழி இருந்தால், குற்றம் நடக்கும் முன்னே தடுத்துவிடலாம். ஜெபம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு மருத்துவரிடமும் அழைத்து வாருங்கள் என்கிறோம்.

நம்மை நாமே கேட்டுப் பார்க்க

கீழே சில கேள்விகளைத் தருகிறோம். வீட்டில் தனியே உட்கார்ந்து உண்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். இவற்றுக்கு மார்க் கிடையாது. இவற்றை வைத்து நோய் என்று யாரும் முடிவுகட்டவும் கூடாது. அது மருத்துவரின் வேலை. போய்ப் பார்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளவே இந்தக் கேள்விகள்.

1. அடுப்பு, குப்பை, மெழுகுவர்த்தி, வயல் வேலை என்ற தேவை எதுவும் இல்லாமல், வேண்டுமென்றே ஒன்றுக்கு மேற்பட்ட முறை தீ மூட்டியிருக்கிறேனா?

2. அதற்கு முன் நெஞ்சு படபடப்பு, இறுக்கம், பொறுக்க முடியாத துடிப்பு உண்டாகிறதா?

3. தீ எரியும்போது இன்பமோ, பாரம் இறங்கின நிம்மதியோ தெரிகிறதா?

4. தீயைப் பற்றிய நினைவு அடிக்கடி வந்து வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கிறதா? எங்கே தீ என்றாலும் போய்ப் பார்த்தே தீரவேண்டும் என்று தோன்றுகிறதா?

5. இனிமேல் செய்யமாட்டேன் என்று தீர்மானித்தும் மறுபடி செய்திருக்கிறேனா?

6. காயத்தையோ, கருகின துணியையோ, தீப்பெட்டியையோ வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறேனா?

7. துக்கம், தனிமை, அவமானம், வேலையின்மை ஆகியவற்றுக்குப் பின்தான் இந்த எண்ணம் வருகிறதா?

8. ஒருவர்மேல் கோபம், குடி, காதில் கேட்கும் குரல் ஆகிய வேறு காரணம் ஏதாவது இருந்ததா?

9. முன்னைவிட இப்போது பெரிய தீயாக, ஆட்களுக்கும் ஆடுமாடுகளுக்கும் அருகில் வைக்கத் தோன்றுகிறதா?

முதல் மூன்று கேள்விகளுக்கும் "ஆம்" என்றால், இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எட்டாம் கேள்விக்கு "ஆம்" என்றால், நோயின் பெயர் வேறாக இருக்கலாம். ஆனாலும் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். ஒன்பதாம் கேள்விக்கு "ஆம்" என்றாலும், இடத்தையோ நேரத்தையோ மனதில் குறித்து வைத்திருந்தாலும், இன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். தன்மேலேயே தீ வைத்துக்கொள்ள நினைப்பது வேறு காரியம். அது தாங்க முடியாத விரக்தியின் அடையாளம். அப்படிப்பட்டவரை ஒரு நிமிஷமும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். இது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். நீங்கள் சொல்வதை மருத்துவர் வெளியே சொல்லமாட்டார். இன்னொருவருடைய உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், அதைத் தடுக்கத் தேவையான அளவுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

சிகிச்சை எப்படி

இந்த நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இல்லை. கூடவே மனச்சோர்வோ, பதற்றமோ, குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. அது தணியும்போது இதுவும் பலருக்குத் தணிகிறது. முக்கியமான சிகிச்சை, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை. எங்கள் வாலிபருக்குச் செய்ததைச் சொன்னால் எளிதாக விளங்கும்.

முதலில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். உந்துதல் வந்த நேரம், அதற்கு முன் நடந்தது, எவ்வளவு பலமாக இருந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதச் சொன்னோம். மூன்று வாரத்தில் ஒன்று தெரிந்தது. கடையில் முதலாளி எல்லார் முன்னும் திட்டுகிற நாட்களில், மாலை ஆறு மணிக்கு மேல்தான் அது வருகிறது. இன்னொன்றும் தெரிந்தது. அலை ஏறி இறங்குவதுபோல, ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தால் அரை மணிக்குள் அது தானே இறங்கிவிடுகிறது. அந்த அரை மணியை எப்படிக் கடப்பது என்று பழக்கினோம். தீப்பெட்டியும் லைட்டரும் அவர் கையில் இருக்கக்கூடாது. கடையிலிருந்து ஓடைக்கரை வழியாக வராமல் பஜார் வழியாக வர வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டும். அண்ணனுக்கு டெலிபோன் செய்து, "அண்ணே, வந்திருக்கு" என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் புத்தி சொல்லாமல் கூட உட்கார்ந்திருப்பார். எரிந்த கொட்டகையின் கூரையைத் தம் சம்பளத்திலிருந்து அவர் வேய்ந்து கொடுத்தார். அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

பெற்றோருக்கு

சிறு பிள்ளைகள் தீக்குச்சியை உரசிப் பார்ப்பது பெரும்பாலும் வெறும் ஆவல்தான். தீப்பெட்டியைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; ஏன் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஒளித்து வைத்தால் மட்டும் போதாது. பிள்ளை மறைவாகத் திரும்பத் திரும்பச் செய்தால், பிராணிகளைத் துன்புறுத்தினால், பள்ளிக்குப் போகாமல் சுற்றினால், வீட்டில் சண்டையோ சாவோ நேர்ந்தபின் இது தொடங்கியிருந்தால், மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். "கையில் ஒரு சூடு போட்டால் திருந்திவிடுவான்" என்று கரண்டியைக் காய்ச்சுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பிள்ளைக்குக் காயத்தையும் பயத்தையும் கொடுக்கும். அடுத்த முறை இன்னும் மறைவாகச் செய்யத்தான் அது கற்றுக்கொடுக்கும்.

பெரியவர்களைக் கட்டி வைக்கவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் மாண்டார்கள். மனநோயாளிகளால் நமக்கு ஆபத்து என்று பயந்து கட்டி வைத்தோம். தீ வந்தபோது கட்டியிருந்தவர்களுக்கே ஆபத்து வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் தடைசெய்கிறது.

முடிவாக

அந்த வாலிபர் முற்றிலும் குணமாகிவிட்டார் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. இடையில் ஒரு முறை தவறினார். மறுநாள் காலையில் தாமே வந்து சொன்னார். அதன்பின் பதினொரு மாதம் ஆகிறது. நோட்டுப் புத்தகத்தில் உந்துதல் வந்த நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மாதம் ஒரு முறை வருகிறார். விரல்களில் தழும்பு இருக்கிறது, புதுக் காயம் இல்லை.

இந்த உரையைத் தயாரிக்கும்போது, கூட்டத்தில் என்ன சொல்லட்டும் என்று அவரிடமே கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "சிஸ்டர் கேட்ட மாதிரி கேட்கச் சொல்லுங்க, சார்" என்றார்.

ஆகவே உங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டிலோ, வாலிபர் சங்கத்திலோ, அக்கம்பக்கத்திலோ ஒருவருடைய கையில் விளங்காத தீக்காயத்தைக் கண்டால், சத்தம் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும் எழுந்து போய்விடாதீர்கள். பதில் வந்தபின் அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். எங்கள் கதவு திறந்திருக்கும்.